தையல் பிரித்த பிறகுதான் பாதி வேலை!

தலையில் அடிபட்டவரை மீட்க ஒரு டாக்டர் மட்டும் போதாது. பல கைகள் சேர வேண்டும்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருக்கிறது நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி. இரவு எத்தனை மணிக்குப் போனாலும் அதன் அவசரப் பிரிவு வாசலில் கூட்டம் இருக்கும். கோலார், சித்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று பல திசைகளிலிருந்தும் ஆம்புலன்சுகள் வந்து நிற்கும். அங்கே தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை.

பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவர். ஊர் திருவண்ணாமலைப் பக்கம். இரவு ஷிப்டு முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கீழே விழுந்துவிட்டார். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் இருந்தது. மண்டைக்குள் ரத்தக் கட்டு. உடனே ஆபரேஷன். உயிர் பிழைத்தார். பதினைந்தாம் நாள் தையல் பிரித்தார்கள். "சாமி காப்பாற்றியது" என்று மனைவி மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தாள்.

அதன் பிறகுதான் தொல்லை தொடங்கியது.

காலையில் பல் தேய்த்ததை மறந்து மறுபடி தேய்க்கிறார். சின்னக் குழந்தை அழுதால் தட்டைத் தூக்கி எறிகிறார். ஒரு காலத்தில் நூலளவு பிசகாமல் கடைந்தவர், இப்போது எந்த வேலையை முதலில் செய்வது என்று தெரியாமல் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். பத்து நாள் பார்த்த முதலாளி கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார். "ஆள் நன்றாகத்தானே இருக்கிறான்? வேலை செய்ய மனசில்லை" என்றார்கள் கூட்டாளிகள். "காற்று கருப்பு பட்டிருக்கும்" என்றாள் மாமியார்.

இது ஒரு தனி ஆளின் கதை அல்ல. தலைக்காயத்துக்குப் பின் பல குடும்பங்களில் நடப்பதைச் சேர்த்துச் சொன்னது. மண்டையில் உள்ள தழும்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. மூளைக்குள் உள்ள காயம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அங்கேதான் சிக்கல்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். இளநீர் வழுக்கை போல மெத்தென்று இருக்கும். மண்டை ஓட்டுக்குள் நீர் சூழ்ந்து, மிதப்பதுபோல் இருக்கிறது.

வேகமாகப் போகும் தலை சட்டென்று தரையில் மோதி நிற்கிறது. உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. முன்னும் பின்னும் போய் இடிக்கிறது, திருகிக் கொள்கிறது. மண்டை ஓட்டின் அடிப்பக்கம் கரடுமுரடானது. அதன் மேல் உராய்ந்து, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையும், காதுப் பக்கத்து மூளையும் கன்றிப் போகின்றன. இதனால்தான் தலையில் எங்கே அடிபட்டாலும் இந்த இரண்டு பகுதிகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. நூலிழை போன்ற நரம்புத் தந்துகள் இழுபட்டு அறுந்து போவதும் உண்டு. இவற்றில் பல சாதாரண ஸ்கேன் படத்தில் தெரிவதே இல்லை.

முன்மூளை ஒரு மேஸ்திரியைப் போன்றது. எது முதல் வேலை, எது பின் வேலை, எங்கே கோபப்படலாம், எங்கே வாயை மூட வேண்டும் என்று கட்டளையிடுவது அதுதான். காதுப் பக்கத்து மூளை, புதிதாக நடப்பதை நினைவில் பதிய வைக்கிறது. மேஸ்திரி இல்லாத கட்டடத்தில் செங்கல் இருக்கும், சிமெண்டு இருக்கும், ஆளும் இருப்பான். சுவர் மட்டும் எழும்பாது. தலையில் அடிபட்டவர் நிலையும் அதுதான். கை உண்டு, கால் உண்டு, தொழில் கூட நினைவில் உண்டு. எடுத்து நடத்தும் திறமைதான் போய்விட்டது.

15-க்கு 15 வாங்கினால் குணமா?

ஆஸ்பத்திரிச் சீட்டில் "15/15" என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்களான டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974-ம் ஆண்டில் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. 13 முதல் 15 வரை லேசான காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். உலகமெங்கும் டாக்டர்களுக்கு இது ஒரு பொது மொழியாகிவிட்டது.

ஆனால், வீட்டார் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது பள்ளிக்கூடத்துப் பரீட்சை மார்க் அல்ல. 15 என்றால் ஆள் விழித்திருக்கிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது, சொன்னபடி கையைத் தூக்குகிறார் என்று மட்டுமே பொருள். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது நினைவிருக்குமா, கடையில் மிச்சச் சில்லறை எண்ணி வாங்குவாரா, மகன் குறும்பு செய்தால் பொறுத்துக்கொள்வாரா என்பதை அந்த 15 சொல்லாது. அதற்குத் தனிச் சோதனைகள் உண்டு.

குண நலன் மாறிய மேஸ்திரி

காயம் ஆறியும் ஆள் மாறிப்போகலாம் என்பதை மருத்துவ உலகத்துக்குக் காட்டியவர் அமெரிக்காவின் ரயில் பாதை மேஸ்திரி ஒருவர். பெயர் பினியாஸ் கேஜ். 1848-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி. பாறைக்கு வெடி வைக்கும்போது மருந்து முன்கூட்டியே வெடித்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி, அவருடைய இடது கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது.

அதிசயம்! அவர் சாகவில்லை. சில மாதங்களில் எழுந்து நடமாடினார். ஆனால் நிதானமும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயர் வாங்கியிருந்த அவர், எடுத்ததற்கெல்லாம் கெட்ட வார்த்தை பேசினார். திட்டம் போடுவார், உடனே கைவிடுவார். அவர் பழைய ஆள் இல்லை என்று நண்பர்களே ஒதுங்கினார்கள். மேஸ்திரி வேலை போயிற்று.

இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். பின்பாதி ஒன்று உண்டு. 1852-ம் ஆண்டில் கேஜ் தென்அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டுக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் குதிரை பூட்டிய பயணி வண்டி ஓட்டினார். தினமும் ஒரே நேரம், ஒரே வேலை. இந்த ஒழுங்குதான் அவரை மறுபடி ஓரளவு நிலைநிறுத்தியது என்பது, அவர் வாழ்க்கையை ஆராய்ந்த மால்கம் மாக்மில்லனின் முடிவு. உடைந்துபோனதை அன்றாட ஒழுங்கைக் கொண்டே தாங்கிப் பிடிக்கலாம் என்பதற்கு இது ஒரு முன்னோட்டம்.

போர்க்களம் கற்பித்த பாடம்

தலைக்காயத்துக்குப் பின் பல துறையினர் ஒன்று சேர்ந்து கவனிக்க வேண்டும் என்பது பெரிய அளவில் புரிந்தது உலகப் போர்களில்தான். முதல் உலகப் போரின்போது, 1916-ம் ஆண்டில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற டாக்டர் மூளைக் காயம் பட்ட வீரர்களுக்காகத் தனி நிலையம் அமைத்தார். சிகிச்சை ஒருபுறம். மனவியல் சோதனைக் கூடம் மறுபுறம். கூடவே தொழிற்கூடம். தச்சரால் மறுபடி பலகை அறுக்க முடிகிறதா என்பதைப் பட்டறையிலேயே நிறுத்திப் பார்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டின் மனவியல் நிபுணர் அலெக்சாந்தர் லூரியா இந்த வேலையை மேலும் கொண்டுபோனார். அவரிடம் வந்தவர்களில் ஒருவர் சசெட்ஸ்கி என்ற இளம் வீரர். 1943-ல் ஸ்மோலென்ஸ்க் அருகே தலையில் குண்டு பாய்ந்தது. எழுத்து மறந்துபோனது. எண் மறந்துபோனது. தன் உடம்பில் வலக்கை எங்கே இருக்கிறது என்பதே குழப்பம். படிக்கத் தெரியாத அவர், எழுத்தை எண்ணி எண்ணி எழுதாமல் கையை அதன் போக்கில் விட்டால் எழுத வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு வாசலைப் பிடித்துக்கொண்டு, தன் கதையை 25 ஆண்டுகள் எழுதினார். ஏறத்தாழ 3,000 பக்கம்! அவர் முழுக் குணம் அடையவில்லை. ஆனால் எது போயிற்று, எது மிச்சம் என்று பொறுமையாகக் கணக்கெடுத்தால், மிச்சத்தைக் கொண்டு வாழ வழி கிடைக்கும் என்று லூரியா காட்டினார்.

அமெரிக்காவில் இந்த இயக்கம் தொடங்கியது ஒரு தாயால். கார் விபத்தில் தலையில் அடிபட்ட மகளை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் அலைந்த மரிலின் ஸ்பிவாக் என்ற பெண்மணி, 1980-ல் தன் வீட்டிலிருந்தே ஒரு சங்கம் தொடங்கினார். 1987-ம் ஆண்டில் அரசாங்கப் பணத்தில் மாதிரிச் சிகிச்சைத் திட்டம் வந்தது. அடிபட்ட நாள் முதல் ஒரே தொடராகக் கவனிப்பது. ஓராண்டு, இரண்டாண்டு, ஐந்தாண்டு, பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை விசாரித்து எழுதி வைப்பது என்று முறை வைத்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போனதோடு கணக்கை மூடாமல், வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்து பார்ப்பதுதான் இதில் புதுமை.

வேலூர், சென்னை, பெங்களூர்

நம் நாட்டில் மூளை ஆபரேஷனுக்கு முதல் தனித் துறை 1949-ம் ஆண்டில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை அரசினர் பொது ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். பெங்களூரில் டாக்டர் ஆர்.எம். வர்மா வழிகாட்டினார். பழைய மனநல ஆஸ்பத்திரியும் அகில இந்திய மனநலக் கழகமும் 1974-ம் ஆண்டு இறுதியில் ஒன்று சேர்ந்து நிம்ஹான்ஸ் ஆனபோது, முதல் டைரக்டர் அவர்தான்.

உயிர் பிழைத்தவரை வாழ வைக்கும் மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் வேலூர்தான் முன்னோடி. 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளி படும் பாட்டை நோயாளியாகவே இருந்து அறிந்தவர் அவர்.

பெங்களூர் நிம்ஹான்சுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மூளை ஆபரேஷன், நரம்பு நோய், மனநோய், மனவியல், பேச்சுப் பயிற்சி, சமூகப் பணி, மறுவாழ்வு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தலைக்காயத்துக்கு வேண்டியதும் இந்தக் கூட்டணிதான்.

யார் யார் என்ன செய்கிறார்கள்?

ஆபரேஷன் டாக்டர் ரத்தக் கட்டை எடுக்கிறார். நர்சு படுக்கைப் புண் வராமல் புரட்டி, சுவாசக் குழாயைச் சுத்தம் செய்கிறார். உடற்பயிற்சி நிபுணர் கை கால் விறைத்துப் போகாமல் பார்க்கிறார்; உட்கார, நிற்க, நடக்கப் பழக்குகிறார். தொழில்வழிப் பயிற்சி நிபுணர் சட்டைப் பொத்தான் போடுவது, டீ போடுவது, பஸ்சில் டிக்கெட் வாங்குவது போன்றவற்றை மறுபடி கற்றுத் தருகிறார்.

பேச்சுப் பயிற்சி நிபுணர் பேச்சை மட்டுமல்ல, புரையேறாமல் விழுங்குவதையும் கவனிக்கிறார். இங்கே வெளியூர்த் தமிழர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று. பெங்களூர்த் தமிழருக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வேலையில் இந்தி என்று மூன்று மொழி இருக்கும். மூளையில் அடிபட்டால் மூன்றும் ஒரே அளவில் திரும்புவதில்லை. ஒன்று முன்னே வரும், ஒன்று பின்னே வரும். எந்தெந்த மொழி தெரியும், எது தாய்மொழி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், தெரியாத மொழியில் கேட்ட கேள்விக்குப் பதில் வராததை நினைவுக் குறைவு என்று எழுதிவிட இடமுண்டு.

மனவியல் நிபுணர் நினைவு, கவனம், திட்டமிடும் திறமை ஆகியவற்றை அளந்து பார்க்கிறார். அளந்த பிறகு பயிற்சி. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. கலந்து கிடக்கும் தானியங்களை வகைவகையாகப் பிரிப்பது, அச்சடித்த எழுத்துக் கூட்டத்தில் சொன்ன எழுத்தை மட்டும் தேடி அடிப்பது, கோட்டுக்கு வெளியே போகாமல் நிழல் தீட்டுவது என்று எளிய பயிற்சிகளை நிம்ஹான்ஸ் மனவியலார் உருவாக்கினார்கள். தலையில் அடிபட்டவர்களின் கவனக் குறைவைப் பயிற்சியால் சீர்செய்வது பற்றி அங்கிருந்து 1999-ம் ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. துவரையும் உளுந்தும் கலந்து வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி! முதலில் ஐந்து நிமிஷம், பிறகு பத்து, பிறகு இருபது என்று நேரத்தைக் கூட்டுவார்கள்.

கடைசியாக, சமூகப் பணியாளர். வீட்டில் யார் சம்பாதிப்பது, யார் பார்த்துக்கொள்வது, முதலாளி என்ன சொல்கிறார், என்ன உதவிப் பணம் கிடைக்கும் என்று விசாரிப்பவர் இவர். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே பாலம் இவர்தான்.

இத்தனை பேரும் தனித்தனியே ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கொடுத்தால் பயன் இல்லை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிய வேண்டும். மயக்கம் தரும் மாத்திரை ஒருபுறம் ஓடிக்கொண்டிருந்தால், கவனப் பயிற்சி மறுபுறம் வீணாகும். மனச்சோர்வு இருப்பது தெரியாவிட்டால், நடைப் பயிற்சிக்கு வராதவரைச் சோம்பேறி என்று தள்ளிவிடுவார்கள். சேர்ந்து செய்யும் சிகிச்சை என்பதன் பொருள் இதுதான்.

விலை உயர்ந்த மருந்து தேவையா?

"மூளைக்குச் சக்தி தரும் ஊசி" என்று கேட்டு, தாலிக்கொடியை அடகு வைப்பவர்கள் உண்டு. ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது முப்பது ஆண்டுப் பழக்கமாக இருந்தது. பல நாடுகளில் 10,008 நோயாளிகளிடம் பரிசோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 21, பெறாதவர்களில் 18. நல்லது என்று நம்பிக் கொடுத்ததே கெடுதலாக முடிந்திருந்தது! அதன் பின் அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது.

மருந்துக்கடைகளில் பெரிதும் விற்கும் சிட்டிகோலின் என்ற மருந்தை அமெரிக்காவில் 1,213 பேரிடம் சோதித்தார்கள். 2012-ல் வந்த முடிவு: 90 நாள் கொடுத்தும், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மருந்தை நிறுத்தக் கூடாது. குறிப்பாக வலிப்பு மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது. ஆனால் "இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு?" என்று டாக்டரிடம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பணம் குறைவாக இருந்தால், பாட்டில் வாங்குவதைவிடப் பயிற்சிக்கு வந்து போகும் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்வது மேல்.

சங்கிலி அறுவது எங்கே?

ஊர் விட்டு வந்தவர்களுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. உயிர் தப்பியதும், "ஊருக்குக் கொண்டுபோனால் தாய் தகப்பன் பார்த்துக்கொள்வார்கள்" என்று அழைத்துப் போய்விடுகிறார்கள். வாடகை கொடுக்க முடியாது; மனைவி வேலைக்குப் போக வேண்டும். நியாயம்தான். ஆனால் அந்த பஸ் ஏறும்போதே சிகிச்சைச் சங்கிலி அறுந்துவிடுகிறது. தேறும் வேகம் முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம். அதற்குப் பிறகும் ஓராண்டு, இரண்டாண்டு வரையிலும், அதற்கு மேலும்கூட மெல்ல மெல்ல முன்னேற்றம் உண்டு. அந்தப் பொன்னான ஆறு மாதத்தைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துக் கழித்துவிடக் கூடாது.

ஊருக்குப் போவதானால் செய்ய வேண்டியவை சில உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் படம், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்க வேண்டும். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை, கிளம்பும் முன் நிபுணர் எதிரிலேயே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். எந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் காட்டுவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வர வேண்டிய தேதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

பணமும் சட்டமும்

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2025-ம் ஆண்டு மே மாதம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் அடிபட்ட தொழிலாளி ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால், சிகிச்சையும் உதவிப் பணமும் உண்டு.

விபத்து நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்து 2019-ல் சட்டத் திருத்தம் செய்தார்கள். ஆகவே தாமதம் கூடாது. இந்த மனுவில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கால் போனால் கோர்ட்டுக்குக் கண்ணால் தெரியும். நினைவு போனது எப்படித் தெரியும்? மனவியல் நிபுணர் அளந்து எழுதிய அறிக்கை இருந்தால்தான் அந்த இழப்பைக் காட்ட முடியும். சோதனையே செய்யாமல் ஊர் திரும்பியவருக்குக் கையில் சான்று இல்லை.

அரசு அலுவலகம், அரசு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, வேலையில் இருக்கும்போது ஊனம் அடைந்தவரை நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். இதை அறியாமல் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, உறங்குவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

* சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். அன்றைய வேலையை வரிசையாக எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வரட்டும். இது அவமானம் அல்ல. கண்ணுக்குக் கண்ணாடி போல.

* ஒரு நேரத்தில் ஒரு வேலை. டி.வி.யும் பேச்சும் கூட்டமும் ஒன்றாக வேண்டாம்.

* கோபம் வந்தால் எதிர்வாதம் செய்யாமல், இடத்தை மாற்றிவிட வேண்டும். அந்தக் கோபம் அவர் உங்கள் மேல் படும் கோபம் அல்ல. காயம் பேசும் பேச்சு.

* மது அறவே கூடாது. டாக்டர் சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது. ஏணி, அடுப்பு, ஓடும் இயந்திரம் அருகே தனியே விடக் கூடாது.

* கோவிலுக்கு அழைத்துப் போகலாம், மனத்துக்கு நல்லது. ஆனால் பேய் ஓட்டுகிறேன் என்று அடிப்பவரிடம் கொண்டுபோகக் கூடாது.

பார்த்துக்கொள்பவரையும் பார்க்க வேண்டும். கிளாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் 1986-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கடுமையாக அடிபட்டவர்களின் குடும்பங்களை ஐந்தாண்டு கழித்து விசாரித்தது. குணம் மாறிவிட்டது என்று சொன்னவர்கள் முதல் ஆண்டைவிட ஐந்தாம் ஆண்டில் அதிகம். கை கால் ஊனத்தைவிட இந்த மாற்றம்தான் அவர்களை வாட்டியது. மனைவிக்குத் தூக்கம் இல்லை, பேச ஆள் இல்லை என்றால் இரண்டு நோயாளிகள் ஆகிவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் கொழுந்தனோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டு அக்காவோ பொறுப்பை ஏற்றுக்கொள்வதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

விழுந்தவரைக் கண்டால்...

நிம்ஹான்ஸ் ஆராய்ச்சியாளர் டாக்டர் ஜி. குருராஜ் 2002-ல் எழுதிய கட்டுரைப்படி, நம் நாட்டில் மூளைக் காயங்களில் நூற்றுக்கு 60 சாலை விபத்தால் வருகின்றன, 20 முதல் 25 வரை கீழே விழுவதால், 10 அடிதடியால். 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் மட்டும் 50,029 பேர். ஹெல்மெட் அணிந்தால் தலைக்காய ஆபத்து நூற்றுக்கு 69 பங்கு குறைகிறது. வார்ப் பட்டையை மாட்டினால்தான் இந்தப் பலன்.

அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுக்கக் கூடாது. கழுத்தை அசைக்காமல் 108-க்குப் போன் செய்ய வேண்டும். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று சட்டமே பாதுகாப்பு தருகிறது. அடிபட்ட பின் நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கி விழுபவர்களும் உண்டு. உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம் அது. வாந்தி, கடும் தலைவலி, எழுப்பியும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

கூட்டாளிகள் கையிலும் இருக்கிறது

முதலில் சொன்ன லேத் தொழிலாளிக்கு வருவோம். அவர் போன்றவர்கள் எல்லோரும் பழைய இயந்திரத்துக்கே திரும்புவார்கள் என்று எந்த டாக்டரும் வாக்குக் கொடுப்பதில்லை. சிலர் திரும்புகிறார்கள். சிலர் ஸ்டோரில் சாமான் எண்ணி வைக்கும் வேலைக்கு மாறுகிறார்கள். சிலர் அரை நாள் வேலை செய்கிறார்கள். சிலர் வீட்டோடு இருக்கிறார்கள். எவ்வளவு தூரம் வருவார் என்பது காயத்தின் ஆழத்தைப் பொறுத்தது. அதோடு, அடிபட்ட பிறகு அவரைச் சுற்றி எத்தனை கைகள் சேர்ந்தன என்பதையும் பொறுத்தது.

அந்தக் கைகளில் டாக்டரின் கை ஒன்று. மனைவியின் கை ஒன்று. பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் கூட்டாளியின் கையும் ஒன்று. "மனசில்லை" என்று சொல்லாமல், "அண்ணே, முதலில் இதைச் செய், முடிந்ததும் நோட்டில் அடி, பிறகு அடுத்தது" என்று பக்கத்தில் நின்று சொல்லும் ஒருவர் கிடைத்தால், பட்டறையே அவருக்கு மறுவாழ்வு நிலையம் ஆகிவிடும்.